பழைய பெரிய எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? முதலில் தரையில் படுத்துப் பாருங்கள்

ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய முழு அளவு எஸ்யூவிகளின் விற்பனை விளம்பரங்களைப் பார்த்தால் யாருக்கும் ஒரு சபலம் வரும். புதிதாக ஒரு சிறிய கார் வாங்கும் பணத்துக்கு, எட்டுப் பேர் உட்காரக்கூடிய, படகையே கட்டி இழுக்கக்கூடிய வண்டி கிடைக்கிறது. இவ்வளவு மலிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வண்டி பழையதாக ஆக அதன் விலை இறங்குகிறது. உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. டயரும் பிரேக் டிஸ்க்கும் ஷாக் அப்சார்பரும் இன்றும் விலையுயர்ந்த பெரிய வண்டிக்கான விலையில்தான் கிடைக்கும். யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போல, பெரிய செலவு வாசலில் வந்து நிற்கும்போது வண்டியை விற்றுவிடுகிறவர்கள் பலர். அந்தச் செலவு உங்கள் தலையில் விழப்போகிறதா என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை சோதனையும்.

செவர்லே டாஹோ, சபர்பன், ஃபோர்ட் எக்ஸ்பெடிஷன், டொயோட்டா லேண்ட் குரூஸர், நிஸ்ஸான் பேட்ரோல் போன்றவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். இவை ஏணி போன்ற இரும்புச் சேஸிஸின் மீது தனியாகச் செய்த உடலைப் பொருத்தி உருவாக்கப்படுபவை. எடை சுமார் இரண்டரை டன். சாதாரணக் காரைச் சோதிக்கும் முறை இங்கே பாதிக்குத்தான் உதவும்.

குறைகளை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். வந்த வழியே திரும்ப வைப்பவை ஒரு வகை: இற்றுப்போன சேஸிஸ், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, விபத்தில் வளைந்த சேஸிஸ் சட்டம், பொருந்தாத ஆவணம். விலையில் கழித்துக்கொள்ளக்கூடியவை இன்னொரு வகை: தேய்ந்த டயர், கசியும் ஷாக், வேலை செய்யாத பின்பக்க ஏசி. முதல் வகையை முதலில் பாருங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருக்கையின் தோலையும் திரையின் அளவையும் பார்த்து மயங்கி, கீழே குனிந்து பார்க்கும் நேரத்தில் மனதளவில் வண்டியைச் சொந்தமாக்கிக்கொண்டுவிடுகிறார்கள். அதன்பின் துரு கண்ணில் பட்டாலும் மூளை அதை ஏற்காது.

வண்டியைப் பார்க்கப் போகுமுன்

ஒரு அளவு நாடாவை எடுத்து, வண்டியை நிறுத்தப்போகும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். 2021 முதல் வந்த டாஹோவின் நீளம் ஏறத்தாழ 5.35 மீட்டர்; அதே தலைமுறைச் சபர்பன் 5.7 மீட்டரைத் தாண்டும். உயரம் 1.9 மீட்டருக்கு மேல். கூரையில் சாமான் கம்பிகள் இருந்தால் இன்னும் கூடும். வாங்கிய பிறகு கேரேஜ் கதவு மூடவில்லை என்று விழிப்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம், நடப்பதுதான்.

எரிபொருளுக்கும் ஒரு மனக்கணக்குப் போடுங்கள். எட்டு சிலிண்டர் உள்ள பெட்ரோல் வி8 எஞ்சின் கொண்ட வண்டி 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் அளவில் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. நகர நெரிசலில் அதற்கும் மேலே போகும்.

பிறகு, வண்டியின் அடையாள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இப்போதைய வண்டிகளில் அது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டால், பழுதுநீக்கத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா, அந்த வேலை முடிந்ததா என்று பல நாடுகளில் தெரிந்துகொள்ளலாம். இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் தெறித்து உயிர்கள் போயின. பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான வண்டிகள் அதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் மாற்றப்படாத ஏர்பேக்குடன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவையும் உண்டு.

சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். "எல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. எந்த எஞ்சினுக்கு எது முக்கியம் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். லேண்ட் குரூஸர் 100 வரிசையின் 4.7 லிட்டர் வி8 எஞ்சினில், வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் உண்டு. ஏறத்தாழ 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். அடுத்து வந்த 200 வரிசையின் 5.7 லிட்டர் எஞ்சினில் சங்கிலி. அந்தக் கவலை இல்லை. பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு விலை பேசுங்கள்.

கடைசியாக, காலை நேரத்தில் வருவதாகச் சொல்லி, நீங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரணம் பிறகு.

சேஸிஸ்

பழைய துணி ஒன்றை விரித்துத் தரையில் படுங்கள். வெட்கப்பட வேண்டாம். ஒரு டார்ச் விளக்கு, ஒரு சிறு சுத்தியல், ஒரு திருப்புளி போதும். ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். இந்த உயரத்துக்கு ஜாக்கி தேவையே இல்லை.

மேலே படிந்த செந்நிறத் துருத் தூசு பெரும்பாலும் கெடுதல் இல்லை. கம்பித் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும் துருதான் ஆபத்து. சேஸிஸை உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்ற இரும்பு மொத்தையாக, ஈரக் கட்டையைத் தட்டியது போல ஒலிக்கும். பின் ஆக்ஸிலுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், ஸ்பேர் டயருக்கு மேற்புறம், ஸ்பிரிங் பொருந்தும் இடங்கள் ஆகியவற்றில் சேறும் உப்பும் தங்கும். அங்கே அதிக நேரம் செலவிடுங்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரில் ஓடிய வண்டி, கடலோரத்தில் நின்ற வண்டி, படகை இறக்க உப்புநீரில் பின்சக்கரம் நனைந்த வண்டி என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. பிரேக் குழாய்களும் சேஸிஸை ஒட்டியே ஓடுகின்றன. சட்டம் நன்றாக இருந்து குழாய் மட்டும் அரித்துப்போன வண்டிகள் உண்டு.

அடிப்பகுதி முழுவதும் பளபளவென்று புதுக் கருப்புப் பூச்சு இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். பத்து ஆண்டு வண்டிக்கு விற்பனைக்கு முந்தைய வாரம் அடியில் ஏன் பூச்சு? ஒருமுறை அப்படிப்பட்ட பூச்சின் மேல் திருப்புளியின் முனையை வைத்துச் சற்றே அழுத்தினேன். பிடிவரை உள்ளே போய்விட்டது. விற்க வந்தவர் என்னைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டது போல நடித்தார்.

சேஸிஸில் ஓட்டையோ, பிறகு வைத்து ஒட்டிய வெல்டிங் தகடோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

விபத்தும் வெள்ளமும்

பானெட்டைத் திறந்து, முன்பக்கத் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் போல்ட்டுடன் சேர்த்தே பெயின்ட் அடித்திருப்பார்கள். பெயின்ட் பிளந்தோ ஸ்பேனர் பட்டுச் சுரண்டப்பட்டோ இருந்தால், அந்தத் தகட்டைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியதே குற்றம் ஆகாது. கேட்டுப் பாருங்கள், பதில் தயங்கி வருகிறதா, நேராக வருகிறதா என்பதைக் கவனியுங்கள். கதவு இடைவெளிகள் இருபுறமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சக்கரத்துக்கும் வளைவுக்கும் இடையே உள்ள தூரத்தை இடமும் வலமும் அளந்து ஒப்பிடுங்கள். வளைந்த சேஸிஸ் இங்கேதான் காட்டிக்கொடுக்கும். யாரையாவது வண்டியை நேராக ஓட்டச் சொல்லி, பின்னாலிருந்து பாருங்கள். நண்டு போலச் சற்றே பக்கவாட்டில் நகர்ந்தால் விட்டுவிடுங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் குறை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லையென்றால் குறையை யாரோ மறைத்திருக்கலாம். அது இன்னும் மோசம்.

வெள்ள வண்டியைக் கண்டுபிடிக்கச் சீட் பெல்ட் போதும். கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மூன்றாம் வரிசையில் உள்ளதையும் மறக்காமல் இழுங்கள், சுத்தம் செய்கிறவர்கள் அங்கே பெரும்பாலும் போவதில்லை. சேறு படிந்த கோடு தெரிந்தால் வண்டி குளித்திருக்கிறது. இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்தல், விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க்கோடு ஆகியவையும் சாட்சிகள். வெறும் ஈர வாடையை வைத்து மட்டும் முடிவு செய்துவிட வேண்டாம். மேற்கூரைக் கண்ணாடியின் வடிகால் குழாய் அடைத்தாலும் தரைவிரிப்பு நனையும்.

எஞ்சின்: ஆறிய நிலையில் மட்டும்

வந்ததும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம். குளிர்ந்த எஞ்சின் முதல் அரை நிமிடத்தில் சொல்லும் உண்மையைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும்.

இயக்குவதற்கு முன் எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்புறத்தைப் பாருங்கள். காப்பி நிறக் கசண்டு தடிமனாக ஒட்டியிருந்தால் எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்படவில்லை. பால் கலந்தது போலிருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எண்ணெயில் கலந்திருக்கலாம். குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரப்பதத்தாலும் மூடியில் மெல்லிய வெண்படலம் வரும் என்பதால், எண்ணெய் அளவுக் குச்சியையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கூலன்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் பெரிய வேலை காத்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைச் சூடான நிலையில் ஒருபோதும் திறக்கக்கூடாது.

இப்போது வேறொருவரை இயக்கச் சொல்லிவிட்டுச் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. குளிர்ந்த காலையில் மெல்லிய வெண்ணிற ஆவி வருவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையுடன் தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது.

பிறகு காது கொடுங்கள். பெரிய வி8 எஞ்சின்களில் டிக் டிக் ஒலிக்கு ஒரே பொருள் இல்லை. குளிரில் வந்து சூட்டில் மறைவது பெரும்பாலும் புகைவழிக் குழாய் இணைப்பில் உள்ள கசிவு. உடைந்த போல்ட்டாக இருக்கும். 2007 முதல் வந்த டாஹோ, சபர்பன் வண்டிகளின் 5.3 லிட்டர் எஞ்சினில், எரிபொருளைச் சேமிக்கச் சில சிலிண்டர்களை ஓய்வில் வைக்கும் ஏற்பாடு உண்டு. அதற்கான, வால்வுகளைத் தள்ளி இயக்கும் லிஃப்டர்கள் பழுதாவது பரவலாகத் தெரிந்த குறை. எஞ்சினின் மேற்பகுதியைப் பிரித்தால்தான் சரிசெய்ய முடியும். எக்ஸ்பெடிஷனில் 2014 வரை இருந்த 5.4 லிட்டர் எஞ்சினில், சூடான பிறகு மெதுவோட்டத்தில் வரும் தட்டல் ஒலி, வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸர் தேய்மானத்தின் அடையாளம். அதாவது ஒரு எஞ்சினில் சூடானதும் மறையும் ஒலி, இன்னொன்றில் சூடானதும்தான் தொடங்கும். எனவே கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

டீசல் வண்டியாக இருந்தால், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். காற்று பலமாகத் தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. புகைத்துகள் வடிகட்டியைப் பற்றியும் விசாரியுங்கள். நெடுஞ்சாலையையே பார்க்காமல் குறுந்தூரம் மட்டும் ஓடிய டீசலில் அது அடைத்திருக்கும். யாராவது அதைக் கழற்றி எறிந்திருந்தால் சட்டச் சிக்கலும் உங்களுடையதாகிவிடும்.

வண்டியின் கணினியில் பதிந்த பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கையடக்க ஓபிடி ஸ்கேனர் ஒன்று இந்த வேலைக்கு நல்ல துணை. பிழைக் குறியீடுகள் இல்லை என்று அது சொன்னதும் மகிழ்ந்துவிடாதீர்கள். வண்டியின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பகுதியையும் பாருங்கள். பல சோதனைகள் முடிவடையாமல் கிடந்தால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

கியர்பாக்ஸும் நான்கு சக்கர இயக்கமும்

இந்த வண்டிகளின் உண்மையான வரலாறு பின்பம்பருக்குக் கீழே எழுதியிருக்கும். இழுவைக் கொக்கியைப் பாருங்கள். தேய்ந்து பளபளத்துக் கிடந்தால் வண்டி நிறைய இழுத்திருக்கிறது. இழுப்பதற்காகவே செய்த வண்டி என்பதால் அதுவே குறையாகிவிடாது. எவ்வளவு எடை, எத்தனை முறை, கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். சூட்டில் வெந்த எண்ணெய் கருத்து, தீய்ந்த வாடை அடிக்கும். சில கியர்பாக்ஸ்களில் அளவுக் குச்சியே கிடையாது. அப்போது மெக்கானிக்கைத்தான் நம்ப வேண்டும்.

பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றுங்கள். ஓரிரு நொடிக்குள் மென்மையாக ஈடுபட வேண்டும். தாமதம் கியர்பாக்ஸைக் குறிக்கும். "டங்" என்ற உலோக ஒலி சக்தியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணைப்புகளையோ, அதை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிபரன்ஷியலையோ குறிக்கும்.

நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிக்காமல் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முந்தைய உரிமையாளரும் பல ஆண்டுகள் தொட்டிருக்க மாட்டார், அதனாலேயே அது இறுகிப் போயிருக்கும். தேவைக்கேற்ப இணைக்கும் வகையாக இருந்தால், மண் அல்லது சரளைத் தரையில் இணைத்து மெதுவாக ஓட்டுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் இணைத்தபடி வளைத்தால் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உறுப்புகள் சிரமப்படும். மெதுவாக, அதிக இழுவிசையுடன் ஓட்டுவதற்கான லோ ரேஞ்சுக்கு, பொதுவாக வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகே மாற்ற வேண்டும். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் இணையவில்லை. இணைந்தால் மட்டும் போதாது, திரும்பவும் விலக வேண்டும்.

டயர், சஸ்பென்ஷன், பிரேக்

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டு ஆன டயர் குப்பைக்குத்தான். எடை தாங்கும் எண்ணும் முக்கியம்: 115 என்றால் ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். மலிவுக்காகக் குறைந்த எண் கொண்ட டயரை மாட்டியிருப்பார்கள், கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கருடன் ஒப்பிடுங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் நான்கு டயரும் ஒரே வகையாக, ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும்.

காற்று சஸ்பென்ஷன் என்றால் முந்தைய இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பாருங்கள். ஒரு மூலை படுத்திருந்தால் காற்றுப்பை கசிகிறது. கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரஸரும் களைத்திருக்கும். பிரேக்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க்கின் விளிம்பில் மேடு தட்டுப்பட்டால் தேய்ந்திருக்கிறது, விலையில் கழியுங்கள்.

உள்ளே

எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள். சலிப்பாக இருந்தாலும் அழுத்துங்கள். குறிப்பாகப் பின்பக்க ஏசி. அதன் குழாய்கள் வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடுவதால் அரித்துக் கசியும். முன்பக்கம் குளிர்ந்தால் பின்பக்கமும் குளிரும் என்று எண்ணிவிட வேண்டாம். மூன்றாம் வரிசையில் நீங்களே ஏறி உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகளுக்கென்று வாங்கிவிட்டு, அவர்களின் முழங்கால் தாடையை இடிக்கும்போது வருந்திப் பயனில்லை.

பிரேக் பெடலின் ரப்பர் வழவழத்து, ஸ்டியரிங் தோல் உரிந்து, ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு நசுங்கியிருக்கும்போது ஓடோமீட்டர் 60,000 காட்டினால், பெடலை நம்புங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். பாட்டை நிறுத்துங்கள். 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது, வரிவரியாகக் கீறிய சாலையில் ஓடுவது போன்ற அதிர்வு வந்தால் எஞ்சினின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும். வேகத்துடன் கூடும் ஹூம் என்ற ஒலி, வளைவில் ஒருபக்கம் குறைந்து மறுபக்கம் கூடினால் வீல் பேரிங். காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து இருபுறமும் ஒரு வட்டம் போடுங்கள். மேடுபள்ளத்தில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பாதுகாப்பான நேர்சாலையில் ஒருமுறை பிரேக்கை அழுத்தமாகப் பிடியுங்கள்.

எல்லாம் திருப்தியாக இருந்தால் அப்போதுதான் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். உங்களுக்கு வேண்டியவர், இந்த வகை வண்டியைப் பிரித்துப் பழகியவர் தேவை. அவர் லிஃப்டில் தூக்கிப் பார்க்கக் கொடுக்கும் கூலி வீண்செலவு ஆகாது. இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் காரணம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மெக்கானிக் எழுதித் தரும் குறைகளின் பட்டியலை வைத்து விலை பேசுங்கள். அடையாள எண்ணை முன்கண்ணாடியின் அடியிலும், கதவுத் தூணிலும், ஆவணத்திலும் ஒப்பிட்டு, வண்டியின் பேரில் கடன் நிலுவை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தை எடுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில் எஞ்சின், முன்பின் டிபரன்ஷியல்கள், முன்பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் ஆகியவற்றின் எண்ணெயை மாற்றிவிடுங்கள். டிபரன்ஷியலின் வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதை உங்கள் கையாலேயே துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை போல மெல்லியதாக ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகளாக வந்தால், நீண்ட பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.